வேட்டைத் துப்பாக்கியும் தோட்டாவின் அளவும்

நாம் வாழும் சிற்றூர், திருப்பதிப் பகுதிக் காடுகளில் புலிவேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் கைக்கொண்டது .405 வின்செஸ்டர் என்னும் அமெரிக்கத் துப்பாக்கி. ஆயினும் நம் நாட்டில் மிகுதியாகப் பரவியது, தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீ-என்ஃபீல்டு வகையே. படைக்கெனப் பிறந்த அதன் அளவு .303 அங்குலம். களவுபோகும் படைத் தோட்டா குடிமக்கள் துப்பாக்கியில் பொருந்திவிடலாகாதே என்று அஞ்சிய ஆங்கில அரசு, அவ்வளவைத் தனியாருக்கு விலக்கிற்று. எனவே பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ. நிறுவனத்தார், ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவைத் தழுவி, அதே பொறியமைப்பை .315 அளவில் செய்தளித்தனர். விலங்கின் பருமனை யார் கருதினார்கள்! விடுதலைக்குப் பின்னர் வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையும் குடிமக்களுக்கு .315 துப்பாக்கிகளையே செய்தது. படைக்கோ 1960-களில் அவ்வகையை 7.62 மில்லிமீட்டருக்கு மாற்றியமைத்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை ஓய்ந்தது. .315 துப்பாக்கியோ உரிமம் பெற்றோர் இல்லங்களில் தற்காப்புக்கென நிலைத்தது.