மௌக்லி நம்மூருக்கு வந்த பாதை



1993-ஐ ஒட்டிப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மௌக்லிதான். தூர்தர்ஷனில் அந்தப் பாட்டு ஆரம்பித்துவிட்டால் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. அந்தக் காட்டுப் பையன் எங்கே பிறந்து, எத்தனை கை மாறி நம் கள்ளக்குறிச்சிக்கு வந்தான் என்பதை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ருட்யார்ட் கிப்ளிங் 1865-இல் பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர். அவருடைய 'ஜங்கிள் புக்' 1894-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அடுத்த வருடம். கதை நடப்பது இன்றைய மத்தியப் பிரதேசத்துச் சியோனி காட்டில். ஆனால் அவர் உட்கார்ந்து எழுதியது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். அந்தப் புத்தகத்தில் பாலு கரடி ஒரு வாத்தியார். ஓநாய்க் குட்டிகளுக்குக் காட்டுச் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. மௌக்லி பாடத்தில் கவனம் வைக்காவிட்டால் அடியும் விழும். 'கா' என்ற மலைப்பாம்பு மௌக்லிக்கு வேண்டியவர். குரங்குக் கூட்டம் பையனைத் தூக்கிக்கொண்டு போனபோது மீட்கப் போனவர்களில் அவரும் ஒருவர். அந்தக் குரங்குகளுக்குத் தலைவன் என்று யாருமே கிடையாது.

1967-இல் டிஸ்னி நிறுவனம் இதைப் பொம்மைப் படமாக எடுத்தது. வாத்தியார் கரடி ஆடிப்பாடும் கவலையற்ற ஆளாக மாறினார். மலைப்பாம்பு வில்லனாயிற்று. தலைவனே இல்லாத குரங்குகளுக்கு லூயி என்ற ஒராங்குட்டான் ராஜாவானது. ஒராங்குட்டான் சுமத்ரா, போர்னியோ தீவுகளில் வாழும் குரங்கினம். இந்தியக் காடுகளில் அது கிடையாது. பாலுவின் வேலையைப் பறித்துவிட்டார்களே என்று ஆசிரியரான எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் கரடியைப் பிடிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அடுத்த கை ஜப்பானுடையது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகள் புத்தகத்தை எடுத்தால் பெரும்பாலும் பண்டிகைக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சியாக, அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். டாக்டர் சூஸ் 1957-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதை ஒன்று 1966-இல் அப்படித்தான் வந்தது. ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் வேறு வழியில் போனது. உலகப் புகழ்பெற்ற ஒரு சிறுவர் நாவலை எடுத்து, வாரம் ஒரு பகுதியாக வருடம் முழுக்கச் சொன்னது. 1979-இல் கனடா நாட்டு 'ஆன்', 1980-இல் அமெரிக்காவின் 'டாம் சாயர்' என்று போய், 1989 அக்டோபரில் 'ஜங்கிள் புக்' தொடங்கியது. மொத்தம் 52 பகுதிகள். 'கா' மறுபடியும் மௌக்லியின் நண்பரானார். கிப்ளிங் கொடுக்காத பூமராங் ஒன்று மௌக்லியின் கையில் ஏறியது.

இதை நாமே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்கு 24 படம். 22 நிமிடப் பகுதிக்கு 22 × 60 × 24 = 31,680. மூன்று படத்துக்கு ஓர் ஓவியம் என்று சிக்கனம் பிடித்தாலும் 10,560. அதை 52-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஐந்தரை லட்சம். அசையாத காட்சி, திரும்ப வரும் காட்சி என்று கழித்தாலும் பெரிய வேலை. கம்ப்யூட்டர் இல்லாமல், எல்லாம் கையால் வரைந்த காலம்.

நம்மவர்களுக்குத் திறமை இருந்தது. மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் 1956-இல் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். 1957-இல் புத்த ஜாதகக் கதை ஒன்று 'பேனியன் டீர்' என்ற படமாயிற்று. அதில் உழைத்த ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். பிறகு ஜப்பானியரான யூகோ சாகோவுடன் சேர்ந்து இராமாயணத்தையே முழுநீளப் பொம்மைப் படமாக்கினார். இவையெல்லாம் தனித்தனிப் படங்கள். வாரம் தவறாமல் வருடம் முழுக்கக் கொடுப்பதற்குப் பெரிய பட்டறையும் பெரிய பணமும் வேண்டும். ஆயத்தமாக இருந்ததைத் தூர்தர்ஷன் வாங்கி இந்தியில் குரல் கொடுக்க வைத்தது. பாட்டு குல்சார், இசை விஷால் பரத்வாஜ், ஷேர்கான் புலிக்கு நானா படேகர் குரல்.

இந்தக் கடைசிக் கட்டத்துக்குச் சாட்சி நீங்கள்தான். நம் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. மீன்முள் ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி, புள்ளி விழும் படத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள். திங்கட்கிழமை டிவி இல்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து முழுக்கதையும் சொல்வீர்கள். வசனம் எல்லாம் உங்கள் சொந்தச் சரக்கு. ஷேர்கான் நம்ம ஊர்ப் பண்ணையார் மாதிரி அதட்டுவான், பகீரா பெரியம்மா மாதிரி கண்டிக்கும். ஒரே பகுதியை மூன்று பேர் மூன்று கதையாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கிப்ளிங்கில் தொடங்கிய பயணத்தின் தமிழ்ப் பதிப்பை எழுதியவர்கள் நீங்கள்.

2006-இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது. 2007-இல் சுட்டி டிவி தொடங்கியது. டோரா தமிழில் பேசினாள். பிள்ளைகளுக்கு எல்லாம் புரிந்தது, நல்லதுதான். ஆனால் பேச்சு மட்டும்தான் நம்முடையது. காடு, வீடு, சாப்பாடு எல்லாம் வேறு யாருடையதோ. புரியாத இடத்தை இட்டு நிரப்பும் வேலையும் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது.

கல்வராயன் மலையிலிருந்து வந்து என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த கதை உங்கள் வீடுகளில் சொல்லப்படுகிறது. பெரியண்ணன் எந்த மலைக்குப் போனார், சின்னண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மாறட்டும். கிப்ளிங்கின் கரடியே மூன்று நாட்டில் மூன்று விதமாக மாறியிருக்கிறது. கை மாறக் கை மாறத்தான் கதைக்கு ஆயுள். ஆனால் கை மாற்றிக் கொடுக்க முதலில் ஒருவர் வாயிலிருந்து அது வெளியே வரவேண்டும். சொல்லத் தெரிந்த ஆயாக்களும் தாத்தாக்களும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்று ஐந்தரை லட்சம் ஓவியம் வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். வெள்ளிமலை, கருமந்துறைப் பக்கம் ஊருக்குப் போகும்போது அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்கக் கொடுத்து, பத்துப் படம் வரையச் சொல்லுங்கள். பதிவு செய்தவர்கள் எனக்கும் அனுப்புங்கள். கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்