அறைத்தோழர் திகில் படம்

ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்து வாழும் இருவரில் ஒருவர் மற்றவர்மேல் கொண்ட பற்று வெறியாக முற்றுகிறது. தலைமுடி, உடை, காதலர், கடைசியில் பெயர் என்று அவருடையதை ஒவ்வொன்றாகத் தனதாக்கிக்கொள்ளப் பார்க்கிறார். இதைக் கதையாகக் கொண்ட உளவியல் திகில் படங்களுக்கு 1992இல் வெளிவந்த அமெரிக்கப் படமான ‘சிங்கிள் வைட் ஃபீமேல்’ முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. இவற்றை மனநோயின் கதைகளாகவோ, பெண்களுக்கிடையிலான நெருக்கத்தைக் கண்டு சமூகம் கொள்ளும் அச்சத்தின் வெளிப்பாடாகவோ பார்ப்பது வழக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நோயைவிட உறுதியாக அவற்றைக் கட்டிப்போட்டிருப்பது வேறொன்று: வீடு யாருடையது, யாரை யார் வெளியே போகச் சொல்ல முடியும் என்ற கேள்வி.

அமெரிக்கப் படத்துக்கு முன்பே ஐரோப்பாவில் இதன் வேர்கள் இருந்தன. இங்மார் பெர்க்மனின் ‘பெர்சோனா’ (1966) பேச்சை நிறுத்திவிட்ட ஒரு நடிகையையும் அவரைக் கவனிக்கும் செவிலியையும் கடலோர வீடொன்றில் தனியே விட்டு, இறுதியில் இருவர் முகத்தையும் பாதிப் பாதியாக ஒட்டிக் காட்டியது. இங்கே வாடகைப் பேச்சே இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான்; ‘பெர்சோனா’வில் கேள்வி தன்னிலையைப் பற்றியது, வீடு மருத்துவர் இரவல் கொடுத்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் குளோத் ஷப்ரோல் எடுத்த ‘லே பிஷ்’ படத்தில் கணக்கு தெளிவாகிவிடுகிறது. பாரிஸ் நடைபாதையில் மான்களை வரைந்து பிழைக்கும் ஏழைப் பெண்ணை, பணக்காரியான ஃபிரெடரிக் காசு போட்டுக் கவர்ந்து, தன் செயிண்ட் ட்ரோப்பே மாளிகைக்கு அழைத்துப் போகிறாள். அங்கே அந்தப் பெண் உண்பதும் உடுப்பதும் இன்னொருத்தியின் தயவில். அவள் விரும்பியவனையும் ஃபிரெடரிக் எடுத்துக்கொண்ட பிறகு, ஃபிரெடரிக்காகவே மாறிவிடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ரோமன் போலன்ஸ்கியின் ‘தி டெனன்ட்’ (1976) இன்னும் அப்பட்டமானது. ஜன்னலிலிருந்து குதித்த பெண்ணின் வீட்டுக்கு ஆசைப்படும் குமாஸ்தா, அவள் பிழைப்பாளா என்று மருத்துவமனைக்கே போய்ப் பார்த்து வருகிறான். அவள் இறந்ததும் குடியேறி, மெல்ல அவளாகவே ஆகிறான். வீட்டுப் பஞ்சத்தை இதைவிடக் கொடூரமாகச் சொன்ன படம் அரிது.

ராபர்ட் ஆல்ட்மனின் ‘3 விமன்’ (1977) கனவிலிருந்து பிறந்ததாக அவரே சொன்ன படம். கனவுக்குள்ளும் வாடகை வருகிறது என்பதுதான் வேடிக்கை. கலிஃபோர்னியப் பாலைவன ஊரொன்றில் முதியோருக்கான நீர்ச் சிகிச்சை நிலையத்தில் வேலை பார்க்கும் மில்லி, அறைத்தோழி தேவை என்று எழுதி வைக்க, பிங்கி வந்து சேர்கிறாள். மில்லியின் நாட்குறிப்பைப் படிக்கிறாள், அவள் உடையை அணிகிறாள். அதுவரை அசட்டுப் பாசம்தான். வீட்டை விட்டுப் போகலாம் என்று மில்லி கடிந்த இரவில் பிங்கி மாடியிலிருந்து நீச்சல்குளத்தில் குதிக்கிறாள். மயக்கம் தெளிந்து எழுந்த பிறகோ மில்லியின் இடத்தைப் பிடிக்கிறாள். இந்த வகைக் கதையில் மடை உடையும் இடம் பெரும்பாலும் இதுவே, வெளியேறச் சொல்லும் தருணம்.

நியூயார்க்கில் கதை வணிக வடிவம் பெற்றதும் தற்செயல் அல்ல. குத்தகை எடுத்தவர் தன்னுடன் இன்னொருவரை வைத்துக்கொள்ளும் உரிமையை அந்த மாநிலம் 1983இல் சட்டமாக்க வேண்டிவந்தது. வீட்டு வாடகை அங்கே யாரோடு வாழ்வது என்பதையே தீர்மானித்தது. ஜான் லட்ஸ் 1990இல் எழுதிய நாவலை அடிப்படையாகக் கொண்டு பார்பே ஷ்ரோடர் இயக்கிய ‘சிங்கிள் வைட் ஃபீமேல்’, பிராட்வேயின் பழம்பெரும் அன்சோனியா கட்டடத்தை வெளித்தோற்றமாகக் கொண்டது. காதலனைத் துரத்திய ஆலி (பிரிஜெட் ஃபோண்டா) விளம்பரம் கொடுத்து, வருகிறவர்களை ஒவ்வொருவராகத் தட்டிக்கழித்து, கூச்ச சுபாவமுள்ள ஹெடியை (ஜெனிஃபர் ஜேசன் லீ) தேர்ந்தெடுக்கிறாள். அந்தத் தேர்வுக் காட்சியில் அதிகாரம் முழுக்க வீட்டுக்காரியிடம். காதலன் திரும்பி வந்ததும் ஹெடி வேண்டாதவளாகிறாள். அதன்பின் ஆலியைப் போலவே முடி வெட்டிச் சாயமிட்டுக்கொண்டு அவள் படியிறங்கி வருவது, பறிபோகவிருக்கும் இடத்தைத் தக்கவைக்கும் முயற்சியாகவும் தெரிகிறது. குதிகால் செருப்பே கொலைக்கருவியாகும் காட்சி மட்டுமே பலருக்கு நினைவில் நிற்பது படத்துக்கு நேர்ந்த அநியாயம்.

ஹெடியின் சிறுவயதில் இரட்டைச் சகோதரி மூழ்கி இறந்ததைப் படமே காரணமாகச் சொல்கிறதே, பிறகு வாடகைக்கு என்ன வேலை என்று மறுக்கலாம். அந்தப் பின்கதைதான் படத்தின் பலவீனமான பகுதி. அது வெறியை விளக்குகிறதே ஒழிய, அதன் வேகத்தை அல்ல. பெண்களின் நெருக்கத்தைப் பற்றிய அச்சமே மையம் என்போருக்கு மார்ட்டின் டோனவனின் ‘அபார்ட்மென்ட் ஸீரோ’ (1988) பதில். இராணுவ ஆட்சி முடிந்த பின்னான புவெனஸ் அயர்ஸில், நஷ்டத்தில் ஓடும் திரையரங்கை நடத்தும் ஒருவன் (காலின் ஃபெர்த்) பணமுடையால் அறையை வாடகைக்கு விட, வந்தவன் கொலைகாரன். இருவரும் ஆண்கள். அங்கேயும் ஈர்ப்பு உண்டு, முடிவில் வீட்டுக்காரனே குடியிருந்தவனின் சாயலைத் தரித்துக்கொள்கிறான். அதாவது பாலினம் மாறலாம், மோகம் திசை மாறலாம். அறையும் பணமுடையும் அப்படியே நிற்கின்றன.

இதற்கு எதிர்ச்சான்றும் ஒன்று இருக்கிறது. ‘தி ரூம்மேட்’ (2011) அறைத்தோழியைக் கல்லூரி விடுதி ஒதுக்கிவிடும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கதையை நகர்த்தியது. ரெபெக்கா (லெய்டன் மீஸ்டர்) வசதியான வீட்டுப் பெண். அறைத்தோழி சாராவை அண்டியிருக்க அவளுக்குத் தேவையே இல்லை. ஆகவே எஞ்சியது அவள் விழுங்காமல் விட்ட மனநோய் மாத்திரைகள் மட்டும். வெளியான வார இறுதியில் அமெரிக்க வசூலில் அது முதலிடம் பிடித்தது உண்மை. ஆனால் விமர்சகர்கள் கைவிட்டார்கள், நோயாளிகளை அரக்கர்களாக்கும் பழைய பழக்கமும் அதில் மறைப்பின்றித் தெரிந்தது. இடத்துக்கான போராட்டத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நோயின்மேல் பழிபோடுதலே.

‘இன்க்ரிட் கோஸ் வெஸ்ட்’ (2017) ஒரே கூரை தேவையில்லை என்று காட்டியது போலத் தோன்றும். இன்ஸ்டாகிராமில் பார்த்த டெய்லரைப் போலவே வாழ, இன்க்ரிட் இறந்த தாயின் பணத்தோடு லாஸ் ஏஞ்சலஸ் போகிறாள். திரையில் கண்டு மயங்குவதற்குக் காசு தேவைப்படவில்லை. அருகில் இருக்க மட்டும் அவள் முதலில் வீடொன்றை வாடகைக்கு எடுக்கிறாள், பின்னர் மிச்சப் பணத்தைப் போட்டு டெய்லரின் பக்கத்து வீட்டையே வாங்குகிறாள்.