ஒலிக்கலவையும் ஹெச். ஸ்ரீதரும்

தமிழ்த் திரையிசையின் வரலாறு இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகிய மூவரின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்த மூவரின் உழைப்பும் கேட்பவர் காதுக்கு எந்த வடிவில் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்த ஒலிப்பொறியாளரோ, படத்தின் பெயர்ப்பட்டியலில் ஒரு நொடி தோன்றி மறைபவராகவே இருந்தார். 1990-களில் சென்னையில் இந்நிலை ஓரளவு மாறியது, அம்மாற்றத்தை ஒலிப்பொறியாளர் ஹெச். ஸ்ரீதரின் பணியைத் தவிர்த்துவிட்டு விளக்க இயலாது.

பழைய முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் பல ஆண்டுகள் வரை பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைக்க, ஒன்றோ ஒரு சிலவோ ஆன மைக்குகள் அதனைப் பிடித்து, எல்லா ஒலியையும் ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோவில், பதிவு செய்தன. ஒருவர் பிசகினாலும் அனைவரும் பல்லவியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. எந்த வாத்தியம் முன்னால் ஒலிக்க வேண்டும், எது பின்னணியில் தங்க வேண்டும் என்பதைப் பொறியாளர் அவர்களை உட்காரவைத்த இடத்தைக் கொண்டே தீர்மானித்தார்: தபேலாவை மைக்குக்கு அருகில், வயலின்களைச் சற்றுத் தள்ளி, டிரம்பெட்டைக் கூடத்தின் கோடியில் என்று. இதனை வெறும் எந்திர வேலையாகக் கருதுவது தவறு. அதுவும் ஒலிக்கலவைதான், தரையையும் தூரத்தையும் கருவியாகக் கொண்ட கலவை. ஆயினும் பதிவு முடிந்தபின் அதில் எதையும் பிரித்துத் திருத்த வழியில்லை.

பல தடப் பதிவு இந்தத் தடையை நீக்கியது. ஒவ்வொரு குரலும் வாத்தியமும் காந்த நாடாவின் தனித்தனித் தடத்தில் பதிவாகும்போது, அவற்றைப் பிறகு ஒன்றாகச் சேர்க்கும் வேலை தனிக் கட்டமாகப் பிரிகிறது. அக்கட்டமே மிக்சிங் எனப்படுகிறது. ஒவ்வொரு தடத்தின் உரப்பை அளவிடுதல், அதன் கீழ், நடு, மேல் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைத்தல், இடப்புறமோ வலப்புறமோ நிறுத்துதல், அதற்கு ஒரு கூடத்தின் எதிரொலியை ஏற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். உலகின் வேறு பகுதிகளில் இக்கட்டமே படைப்பாக மாறியிருந்தது. ஜமைக்காவில் கிங் டப்பி என்று அறியப்பட்ட ஒலிப்பொறியாளர், 1970-களின் தொடக்கத்தில், ஏற்கெனவே பதிவான பாடல்களிலிருந்து குரலை நீக்கி, தாளத்தையும் பாஸையும் மட்டும் நிறுத்தி, எதிரொலியால் அவற்றைக் கலைத்து அடுக்கி, டப் என்னும் தனி இசைவகையையே உருவாக்கினார். அவர் வாசித்த வாத்தியம் மிக்சிங் மேசைதான்.

சென்னையில் அத்தகைய வாய்ப்பு வேறு வழியில் வந்தது. 1986-இல் இளையராஜா புன்னகை மன்னன் படத்தில் கணினி சார்ந்த இசையைப் பயன்படுத்தியிருந்தார். அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்தவரும், இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்த குடும்பத்தின் மகனுமான ஏ. ஆர். ரகுமான், 1989-இல் தம் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்த தொழிலில், சொந்தக் கூடம் என்பது வசதி மட்டுமன்று. இரவு முழுவதும் ஒரே வரியைப் பத்து விதமாகப் பாடவைத்து, எதையும் உடனே முடிவு செய்யாமல் விட்டுவைக்கும் சுதந்திரம் அது. பாட்டு முதலில் எழுதப்பட்டுப் பின்பு பதிவு செய்யப்படும் என்ற வரிசை இங்கே தலைகீழானது. பதிவுகள் குவிந்தபின், அவற்றிலிருந்து பாட்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1992-இல் வெளியான ரோஜா படத்தின் இசை இம்முறையின் முதல் பெரும் விளைவு.

இவ்வாறு குவிந்த தடங்களைக் கேட்கத்தக்க ஒன்றாக்கும் பொறுப்பு ஸ்ரீதருடையது. ரகுமானின் தொடக்க காலப் படங்களிலிருந்தே உடன் பணியாற்றிய அவர், சென்னையின் மீடியா ஆர்ட்டிஸ்ட்ஸ் கூடத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தார். அடர்ந்த தாள அடுக்குகளுக்கும் மெல்லிய குரலுக்கும் இடையே ஒன்று மற்றொன்றை விழுங்காமல் பார்த்துக்கொள்வதே அப்பாடல்களின் பெரும் சிக்கலாக இருந்தது. மலிவான டேப்ரிக்கார்டரில் கேட்டாலும் பாஸ் இருக்கிறது என்று உணரவைத்த அந்தத் தெளிவு தற்செயலன்று. ரகுமானின் ஒலிநாடா உறைகளில் வாத்தியக் கலைஞர்களோடு பொறியாளர்களின் பெயர்களும் அச்சிடப்பட்டதால், பாட்டைக் கலந்தவர் யார் என்று தேடிப் படிக்கும் ஒரு சிறு வாசகர் வட்டம் உருவானதையும் இங்கே சொல்ல வேண்டும்.

திரையரங்கும் அக்காலத்தில்தான் மாறியது. டால்பி ஸ்டீரியோ முறை, பிலிமின் விளிம்பிலுள்ள இரு ஒளித்தடங்களில் இடம், நடு, வலம், சூழல் என நான்கு ஒலிவழிகளை அடக்கியது. 1993-இல் ஜுராசிக் பார்க்குடன் அறிமுகமான டி.டி.எஸ். முறையிலோ ஒலி தனிக் குறுந்தட்டில் இருக்க, பிலிமில் அச்சான நேரக்குறி அதனைப் படத்தோடு இணைத்து ஓட்டியது. 1995-இல் வந்த குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையைக் கையாண்ட முதல் இந்தியப் படமாகக் குறிக்கப்படுகிறது. இம்முறைகளைத் தென்னகத்தில் பழக்கப்படுத்தியவர்களுள் ஸ்ரீதர் முன்வரிசையில் இருந்தார்.

மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ஆகிய படங்களுக்காக அவர் நான்கு முறை தேசிய விருது பெற்றார். இவற்றுள் மகாநதிக்கு இளையராஜாவே இசையமைத்திருந்தார் என்பதால், ஸ்ரீதரை ரகுமானின் பொறியாளர் என்று மட்டும் அடைத்துவிடுவது பொருந்தாது. லகான் விருதை அவர் நகுல் காம்தேயுடன் பகிர்ந்துகொண்டார். வசனங்களை டப்பிங்கில் பேசவைக்காமல் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்த படம் அது. வெட்டவெளிக் காற்றோடும் கூட்டத்தின் இரைச்சலோடும் வந்த அந்த ஒலியை இசையோடு இசைவிப்பது, கூடத்துக்குள் சுத்தமாகப் பதிந்த தடங்களைக் கலப்பதினும் கடினமானது.

2008 டிசம்பர் 1 அன்று சென்னையில் ஸ்ரீதர் காலமானார். ஸ்லம்டாக் மில்லியனர் இசைத்தொகுப்புக்காக 2010 ஜனவரியில் வழங்கப்பட்ட கிராமி விருதில், ரகுமானுக்கு அடுத்து ஒலிப்பொறியாளர்களாக ஸ்ரீதரின் பெயரும் பி. ஏ. தீபக்கின் பெயரும் இடம்பெற்றன.

அதற்குள் தொழிலே இடம் பெயரத் தொடங்கியிருந்தது. கணினியும் மென்பொருளும் பெரிய மேசையின் வேலையைச் செய்யத் தொடங்கியதும், மிக்சிங் என்பது கோடம்பாக்கத்துக்கு மட்டும் உரியதாக இல்லை. படுக்கையறை அளவுள்ள ஓர் அறையிலும் அது நடக்கலாம் என்றாயிற்று. சென்னைக்குத் தென்புறக் கடற்கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கோவளத்தில் 2013 முதல் அலைச்சறுக்கும் இசையும் சேர்ந்த விழா நடத்தப்பட்டபோது, இதே கலை சுவர்களே இல்லாத இடத்துக்கு வந்தது. கடற்காற்றின் திசையில் செல்லும் ஒலி தரையை நோக்கி வளைவதும், எதிர்த்துச் செல்வது மேலே எழும்பிக் கூட்டத்தின் தலைக்கு மேல் தப்பிப்போவதும் இயற்கை. கூடத்தில் அளந்து வைத்த கணக்கு எதுவும் அங்கே செல்லாததால், பகலில் கரை நோக்கி வீசிய காற்று மாலையில் தணியும்போது, பொறியாளர் ஒவ்வொரு தடத்தையும் காதால் கேட்டு மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது.