மண்ணெண்ணெயில் ஓடிய கார்

போன ஜனவரியில் எங்கள் வீட்டுக் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. இஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு. உங்களில் பலர் வீட்டுக் காரில் பார்த்திருப்பீர்கள். அம்மாவை முருகன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரும் வழி. வெளியே மைனஸ் 24 பாகை. சிக்னலில் நின்றால் கார் நடுங்கும். ஓடத் தொடங்கினால் நடுக்கம் போய்விடும்.

நான் பொறியியலில் மாஸ்டர்ஸ் முடித்தவள். கணினி அமைப்புகளில் பிழை தேடுவதுதான் என் தொழில். ஆகவே நம்பிக்கையோடு ஸ்கேனரைச் செருகினேன். பி0171 என்று குறி வந்தது. கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு என்று அர்த்தம். இணையத்தில் தேடினேன். ஒட்சிசன் சென்சரை மாற்று என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். வாங்கி மாற்றினேன். மூன்றாம் நாள் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது.

அந்தச் சனிக்கிழமை மாமா சாப்பிட வந்தார். அம்மாவின் தம்பி. வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நான் நீட்டிய ஸ்கேனரை அவர் வாங்கவே இல்லை.

"பிள்ளை, எப்ப நடுங்குது? நிக்கேக்கையோ, ஓடேக்கையோ?"

"நிக்கேக்கை, மாமா."

"இஞ்சின் சூடாகினாப் பிறகும் நடுங்குதோ?"

"கொஞ்சம் குறையும்."

போனட்டைத் திறந்து, காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயை விரலால் அழுத்தினார். நடுக்கம் நின்றது. விரலை எடுத்தார். திரும்ப நடுங்கியது. பழைய ரப்பர், குளிரில் விறைத்து வெடித்திருக்கிறது. வெடிப்பு வழியே கள்ளக் காற்று இஞ்சினுக்குள் போகிறது. நிற்கும்போது இஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் இந்தக் கள்ளக் காற்று பெரிய பங்கு. ஓடும்போது இஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும். அப்போது அது தெரியாது. "எப்ப நடுங்குது?" என்ற ஒரு கேள்விக்குள் இவ்வளவும் இருந்தது. சென்சர் பொய் சொல்லவில்லை. காற்று கூட என்றுதான் சொன்னது. ஏன் கூட என்று கேட்க வேண்டியது நான். நான் கேட்கவில்லை.

"எங்கை மாமா இதெல்லாம் படிச்சனீங்கள்?"

"பெற்றோல் இல்லாத ஊரிலை கார் ஓடினனான். அங்கை படிச்சது."

அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மாமா யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓடியவர். அவருடையது ஒஸ்ரின் ஏ-40. 1950களில் இங்கிலாந்தில் செய்த கார். 1990இல் ஏன் ஒருவர் நாற்பது வயதுக் காரை ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. புதுக் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுவிட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை, வந்த கார்களைத்தான் திருத்தித் திருத்தி ஓடினார்கள். அப்படி மிஞ்சியவைதான் ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும். மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. பின்னாளில் மினி காரையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் வேலை. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் அவற்றை றோட்டில் காணலாம்.

1990 ஜூனில் போர் மறுபடியும் தொடங்கியது. யாழ்தேவி ரயில் நின்றது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் என்று அது நீளும். கள்ளமாக வந்த பெற்றோலின் விலை சாதாரண மனிதர் தொட முடியாதது. அளவோடு வந்தது மண்ணெண்ணெய் ஒன்றுதான். அந்தத் தடை கூடியும் குறைந்தும் 2002 தொடக்கம்வரை நீடித்தது.

வெளிச்சமில்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். இந்தக் கதையை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதே கைகள்தான் காரையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தன.

பெற்றோல் இஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன நடக்கும்? குளிர்ந்த இஞ்சின் என்றால் ஒன்றுமே நடக்காது. எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. பெற்றோல் மைனஸ் 40 பாகை அளவிலேயே தீப்பிடிக்கிற அளவு ஆவியைக் கொடுத்துவிடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். யாழ்ப்பாணத்துக் காலை வெயிலும் அதற்குப் போதாது. ஆனால் இஞ்சின் ஒரு தடவை சூடாகிவிட்டால், அந்தச் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும்.

ஆக, சிக்கல் ஓடுவதில் இல்லை, தொடங்குவதில்தான். தீர்வு ஒரு சின்னப் போத்தல். அதில் கொஞ்சம் பெற்றோல். கார்பரேட்டருக்குள் சில துளிகள் விட்டு, முன்னால் கம்பியைக் கொடுத்துச் சுற்றுவார்கள். அந்தக் காலத்துக் கார்களில் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணக் கம்பி உண்டு. ஸ்டார்ட்டரைச் சுழற்றப் பலமான பற்றரி இல்லாத ஊரில் அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். பெற்றோல் துளிகளில் இஞ்சின் பிடிக்கும். சூடேறும். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமுமாகக் கார் புறப்படும்.

(ஒரு எச்சரிக்கை. இதை உங்கள் காரில் செய்து பார்க்க வேண்டாம். இன்றைய கார்களில் கார்பரேட்டர் இல்லை. திறந்த பெற்றோலை இஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே ஆபத்து.)

பழைய கார் என்பதும் கைகொடுத்தது. மண்ணெண்ணெய்க் கலவையை அதிகம் நெருக்கினால், ஸ்பார்க் மூட்டிய தீ போய்ச் சேருமுன்னே மிச்சக் கலவை தானாக வெடிக்கப் பார்க்கும். இஞ்சின் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் போடும். ஏ-40 போன்ற இஞ்சின்கள் கலவையை ஏழில் ஒரு பங்காக மட்டும்தான் நெருக்கும். இன்றைய இஞ்சின்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்குகின்றன. இவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தால் இஞ்சின் உடைந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை. ஏற்றம் ஏறும்போதுதான் அந்தத் தட்டல் மோசமாகும். சத்தம் கேட்டால் மாமா டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்புவாராம். ஸ்பார்க் கொஞ்சம் பிந்தி வரும், தட்டல் குறையும்.

ஓடிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. ஸ்பார்க் பிளக் கரி பிடித்துக் கறுக்கும். கழற்றிக் கம்பித் தூரிகையால் உரஞ்சிப் பூட்ட வேண்டும். எரியாத மிச்சம் பிஸ்டன் ஓரமாக வழிந்து கீழே இஞ்சின் ஒயிலோடு கலக்கும். இங்கேதான் மாமா எனக்கு ஒரு கேள்வி போட்டார்.

"ஒயில் பாக்கிற கம்பியை இழுத்துப் பாக்கிறாய். ஒயில் போன கிழமையை விடக் கூட நிக்குது. சந்தோசப்படுவியோ?"

நான் யோசித்தேன். ஒயில் குறையலாம். தானாகக் கூடுமா?

"கூடினால்தான் பயப்பட வேணும். மணந்து பார். மண்ணெண்ணெய் மணக்கும். தண்ணி மாதிரிப் போன ஒயிலோடை ஓடினால் பேரிங் போயிடும்."

எந்தப் பாடப்புத்தகமும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. ஒரு தடவை பேரிங் போன பிறகு, ஏன் போனது என்று உட்கார்ந்து யோசித்ததில் வந்த அறிவு.

அந்தச் சின்னப் போத்தலுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். எவ்வளவு காசு தந்தாலும் அதன் அடியில் இருக்கும் கடைசிப் பெற்றோலைப் பகல் ஓட்டத்துக்குத் தொடக்கூடாது. அது இரவுக்கு. ஒரு இரவு பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. சைக்கிளில் கொண்டுபோக முடியாத நிலை. குளிர்ந்து கிடந்த ஏ-40 இரண்டாவது சுற்றில் பிடித்ததாம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். அன்றைக்குக் கார் பிடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். தடைக்காலத்துக் கதைகளைக் கஷ்டக் கதைகளாகத்தான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். கஷ்டம் உண்மை. ஆனால் அதற்குள் பொறியியலும் இருந்தது. அதை யாரும் அந்தப் பெயரால் சொல்லவில்லை.

ஓர் ஒப்பீடு தருகிறேன். இங்கிலாந்தில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடும் வரியும் இருந்த காலத்தில், மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் டிராக்டர்கள் செய்தார்கள். புகழ்பெற்ற பெர்குசன் டிஈ-20 டிராக்டரிலும் அப்படி ஒரு வகை உண்டு. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணு, சூடானதும் மாற்று, குறைவாக நெருக்கு, ஒயிலை அடிக்கடி மாற்று. அதே விதிகள். அந்த டிராக்டருக்குத் தொழிற்சாலை இருந்தது, பொறியியலாளர்கள் இருந்தார்கள், அச்சடித்த கையேடு இருந்தது. மாமாவுக்கு இருந்தது ஒரு போத்தல், ஒரு கம்பித் தூரிகை, இரண்டு காது.

1999இல் மாமா மொன்றியல் வந்தார். பிரெஞ்சு தெரியாது, சான்றிதழ் கிடையாது. கராஜ் வேலை கிடைக்கவில்லை. பல வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினார். சனி ஞாயிறுகளில் கோட்-டே-நேஜ் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், பனிக்குள் படுத்து, எங்கள் ஆட்களின் கார்களைத் திருத்திக் கொடுத்தார். நான் சின்னப் பிள்ளையாகக் கையுறையோடு டோர்ச் பிடித்தேன். அவரை ஒரு பொறியியலாளராக நான் நினைத்ததே இல்லை.

யோசித்துப் பார்த்தால் இந்த ஊரின் சிக்கலும் அதேதான். மைனஸ் 30இல் பெற்றோலும் நன்றாக ஆவியாகாது. அதனால்தான் குளிர்காலத்துக்கென்று எளிதில் ஆவியாகும் பொருட்களைக் கூடச் சேர்த்து வேறு கலவைப் பெற்றோலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் அனுப்புகின்றன. மாமாவின் சின்னப் போத்தல் செய்த வேலையை இங்கே அவர்கள் எங்களுக்குத் தெரியாமலே செய்கிறார்கள்.

ஆகவே, லைசென்ஸ் எடுத்த, எடுக்கப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு மாமாவின் வழி. குளிரில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஒன்றும் வாங்குவதற்கு முன் சத்தத்தைக் கேளுங்கள்.

திறப்பைத் திருப்பியதும் டிக் டிக் என்று மட்டும் கேட்டால், அல்லது இஞ்சின் களைத்து மெதுவாகச் சுற்றினால், முதலில் பற்றரியைச் சந்தேகப்படுங்கள். ஓய்வாக இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும். மைனஸ் 18இல் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே குளிரில் ஒயில் தடித்து, இஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும். பற்றரியின் முனைகளில் வெள்ளைப் பூஞ்சணம்போல் படிந்திருக்கிறதா, இணைப்பு ஆடுகிறதா என்றும் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான். இஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பற்றரியை விட்டுவிடுங்கள். மிச்சம் மூன்று. காற்று, எண்ணெய், நெருப்பு. இதில் எது வரவில்லை? ஒவ்வொன்றாகக் கேட்டால் கார் பதில் சொல்லும்.

ஸ்கேனரும் வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் அதைச் செருகும் ஒரே மாதிரியான வாய் கட்டாயமானது. நல்ல சாதனம். ஆனால் அது எங்கே நோகிறது என்றுதான் சொல்லும்.

இன்னொன்று. குளிர்காலத்தில் மாமா தன் காரின் தாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்போம். பனிப்புயலில் றோட்டில் மாட்டிக்கொண்டால் சூட்டுக்கு எண்ணெய் வேண்டும் என்பது இந்த ஊர்க் காரணம். போன மாதம் நான் ஓட்டிக்கொண்டு வரும்போது முள் பாதிக்கு வந்தது. வழியில் நிறுத்தி நிரப்பினேன். பக்கத்தில் இருந்த மாமா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருப்பார். அடுத்த தடவை போனட்டைத் திறக்கும்போது அவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.