மன்னிப்பும் தந்திரமும்: 1935ஐ இரண்டு முகாம்களில் வாசித்தல்

எங்கள் ஊரில் இரண்டு படிப்பகங்கள் இருந்தன. கடைத்தெருவின் மேற்குக் கோடியில் ஜீவா பெயரில் ஒன்று. கிழக்கே பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் பெரியார் பெயரில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இருநூறு தப்படிகூட இராது. ஆனால் ஒன்றில் உட்காருகிறவர் மற்றதில் உட்கார மாட்டார். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நான் மேற்குக் கோடிக்காரன். அப்பா தொழிற்சங்கத்தில் இருந்தார், அவ்வளவுதான் காரணம். நம்முடைய 'நிலைப்பாடு'களில் பலவும் வீட்டை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை வைத்தே தீர்மானமாகிவிடுகின்றன. இதை ஒத்துக்கொள்ளத்தான் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

1935 பற்றி முதலில் கேள்விப்பட்டது அங்கேதான். "ஈரோட்டுக்காரர் பயந்துட்டார் தம்பி. சர்க்கார் ஒரு அதட்டுப் போட்டதும் சமதர்மத்தை மூட்டை கட்டி வச்சுட்டு ஜஸ்டிஸ் கட்சி ஜமீன்தாருங்க பக்கம் சாஞ்சுட்டார். ஜீவாவை மன்னிப்பு எழுதிக் குடுக்க வச்சதும் அவர்தான்" என்பார் ஒரு மூத்த தோழர். எம்.ஏ. தமிழ் படிக்கப் போன இடத்தில், விடுதி நண்பன் ஒருவன் தன் பெரியப்பாவிடம் கூட்டிப் போனான். கறுப்புச் சட்டைக்காரர். அவர் சொன்னது: "அய்யா இயக்கத்தைக் காப்பாத்துனாருப்பா. ஓடிப் போனது உங்க ஆளுங்க. எங்க போனாங்க? நேரா காங்கிரசுக்கு. யாரை எதிர்த்து வெளிய வந்தோமோ அவன் வீட்டுக்கே."

ஒரே நிகழ்ச்சி, இரண்டு கதையாடல்கள். இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருந்தன. மேடையில் கைதட்டல் வாங்கக்கூடியவை. இரண்டிலும் ஒருவன் ஓடுகிறான், ஒருவன் நிற்கிறான்.

நடந்தவற்றின் வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் ஒரு பகுதியைத் தமிழில் 1931இல் வெளியிட்டது 'குடி அரசு'. கம்யூனிஸ்டுகள் நடத்திய பத்திரிகை அல்ல அது. அதே ஆண்டு மார்ச்சில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை ஒட்டி அந்தப் பத்திரிகையின் தலையங்கம் வெளிப்படையாக அவன் பக்கம் நின்றது. 1931 இறுதியில் கிளம்பி சோவியத் ரஷ்யா உள்பட ஐரோப்பா சுற்றிவிட்டு 1932 இறுதியில் திரும்புகிறார் பெரியார். உடனே ஈரோட்டில் சிங்காரவேலரோடு உட்கார்ந்து சமதர்ம வேலைத்திட்டம் வகுக்கப்படுகிறது. 1925இல் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சிங்காரவேலர், 'குடி அரசு' பக்கங்களில் விஞ்ஞானம், பொருள்முதல்வாதம் என்று தொடர்ந்து எழுதிவந்தார். சாதியும் மதமும் வர்க்கமும் ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகிக்கொண்டிருந்த இரண்டு மூன்று வருஷங்கள் அவை. அப்படி ஒரு காலம் தமிழில் அதற்குப் பின் எத்தனை முறை வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

அரசு சும்மா இருக்குமா? 1933 அக்டோபரில், இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டு எழுதிய தலையங்கத்துக்காக வழக்கு. 1934 தொடக்கத்தில் பெரியாருக்குச் சிறை. 'குடி அரசு' நின்று 'புரட்சி' வருகிறது, அதுவும் நின்று 'பகுத்தறிவு' வருகிறது. 1934 ஜூலையில் இந்தியா முழுக்கக் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்படுகிறது. நாத்திகம் பற்றிப் பகத்சிங் சிறையில் எழுதிய கட்டுரையை ஜீவா மொழிபெயர்க்க, ஈரோட்டில் நூலாகிறது. 1935இன் தொடக்கத்தில் ஜீவாவும் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதாகிறார்கள். பெரியார் சொல்லி இருவரும் மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளியே வருகிறார்கள். மார்ச்சில் பெரியாரின் அறிக்கை: அடக்குமுறையை முன்னிட்டுப் பொதுவுடைமைப் பிரச்சாரத்தை நிறுத்திவைத்து, சமூகச் சீர்திருத்த வேலையைத் தொடர்வது என்று. ஜீவாவும் அவரோடு இருந்தவர்களும் பிரிகிறார்கள். 1936இல் திருச்சியில் அவர்கள் கூட்டிய சுயமரியாதை சமதர்ம மாநாட்டுக்கு டாங்கே வந்தார். அதன்பின் அவர்கள் போய்ச் சேர்ந்தது காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியில்.

இந்த வரிசையைப் பழைய 'குடி அரசு' பக்கங்களோடு வைத்துப் படித்தபோது என்னைத் தூக்கிவாரிப்போட்டது ஒரு சின்ன விஷயம். மேற்குக் கோடித் தோழர் ஏதோ இரகசியத்தை வெளியே போடுகிற தொனியில்தான் 'பயந்துட்டார்' என்பார். ஆனால் அடக்குமுறைதான் காரணம் என்பதை அந்த மனிதர் தன் பத்திரிகையிலேயே அச்சடித்து ஊருக்குச் சொல்லியிருக்கிறார். குற்றச்சாட்டின் முதல் சாட்சி குற்றம் சாட்டப்பட்டவரேதான். கிழக்குக் கோடிப் பெரியவரோ அதை ஒரு தொலைநோக்கு, ஒரு திட்டம் என்று மாற்றிச் சொன்னார். அந்தப் பிரதியில் தொலைநோக்கைவிட நெருக்கடிதான் அதிகம் தெரிகிறது. ஆக இரண்டு பேருமே அதைப் படித்திருக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறந்திருந்தார்கள்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. ஜீவா தரப்பு காங்கிரசுக்குள் போனதற்கு என்ன காரணம் சொல்லப்படுகிறது? கட்சி தடை செய்யப்பட்டிருந்தது, சட்டபூர்வமாக வேலை செய்ய ஒரு மேடை வேண்டியிருந்தது. நியாயமான காரணம்தான். பெரியார் பிரச்சாரத்தை நிறுத்தியதற்கு என்ன காரணம்? அதே அரசு, அதே அடக்குமுறை, சட்டபூர்வமாக வேலை செய்ய ஒரு மேடை. நம்மவர் செய்தால் தந்திரம், அவர்கள் செய்தால் சரணாகதி. 1934ஆம் வருஷத்து பிரிட்டிஷ் அரசு இரண்டு கதையாடல்களிலும் பின்னணித் திரைச்சீலையாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு முகாம்களையும் இரண்டு திசையில் தள்ளிவிட்ட கை அது. எண்பது தொண்ணூறு வருஷமாக நாம் தள்ளப்பட்டவர்களை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு இடைச்செருகல். நாலு பத்திரிகை படி, எல்லாத் தரப்பையும் கேள், தானாக நடுநிலை வந்துவிடும் என்று உபதேசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த நடுநிலை வேண்டாம். நாலையும் கூட்டி நாலால் வகுத்தால் கிடைப்பது கருத்தில்லை, சராசரி. பொப்பிலி ராஜா தலைமையில் இருந்த ஜஸ்டிஸ் கட்சி ஜமீன்தார்கள் நிறைந்த கட்சியா இல்லையா என்பதற்கு நடுவில் ஒரு பதில் கிடையாது. ஆமாம் என்பதுதான் பதில், கறுப்புச் சட்டைப் பெரியவர் முகம் சுளித்தாலும். ராஜாஜி மந்திரிசபை 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது ஜீவாவின் தோழர்கள் அதே காங்கிரசுக்குள்தான் இருந்தார்கள் என்பதற்கும் நடுவில் ஒரு பதில் கிடையாது. பல தரப்பையும் வாசிப்பது இந்தக் கூர்மைகளை மழுக்குவதற்காக இல்லை. ஒவ்வொரு தரப்பும் எந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் போகிறது என்று பார்ப்பதற்காக. தாண்டுகிற இடத்தில்தான் பள்ளம் இருக்கும்.

ஆனால் வாசிக்க முதலில் பிரதி கிடைக்க வேண்டுமே. ரொம்ப காலம் இந்தப் பழைய இதழ்கள் ஒரு சில நூலகங்களிலும் ஆய்வாளர்களின் கைகளிலும்தான் இருந்தன. மற்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் முகாம்கள் பொறுக்கிக் கொடுத்த மேற்கோள்கள். 1925 முதல் 1938 வரையிலான 'குடி அரசு' எழுத்துகளைத் தொகுத்து வெளியிட ஒரு பெரியாரிய அமைப்பு முன்வந்தபோது, காப்புரிமை தங்களுடையது என்று இன்னொரு பெரியாரிய அமைப்பு நீதிமன்றம் போனது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. மேல்முறையீடும் நிற்காததால் 2010இல் தொகுதிகள் வெளிவந்தன. நானெல்லாம் அந்தத் தீர்ப்பின் பயனாளி. வழக்குப் போட்டவர்களுக்கு அவர்களுடைய நியாயம் இருந்திருக்கும். ஆனால் முழுப் பிரதி புழக்கத்துக்கு வந்தபிறகு 'அய்யா அப்படிச் சொல்லவே இல்லை' என்று எவரும் லேசில் சொல்லிவிட முடியாது; 'அய்யா சொன்னார்' என்று ஒற்றை வரியை வைத்து அடிக்கவும் முடியாது. முன்பின் பக்கங்கள் இருக்கின்றன. எஸ்.வி. ராஜதுரையும் வ. கீதாவும் 'பெரியார்: சுயமரியாதை சமதர்மம்' எழுதியபோது இந்தப் பக்கங்களுக்குள் நேரடியாக இறங்கியதால்தான் அந்த நூல் இரண்டு முகாம்களுக்கும் வேலை வைத்தது.

சரி, நீ என்னதான் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். 1935 மார்ச் அறிக்கையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஓரளவு ஆதரிக்கவும் முடிகிறது. பத்திரிகையும் அச்சகமும் ஆட்களும் பறிபோகும் நிலையில் ஒரு இயக்கத் தலைவர் எடுத்த முடிவு, அதுவும் மறைக்காமல் எடுத்த முடிவு. ஜீவாவை மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னதை ஆதரிக்க முடியவில்லை. இயக்கத்தைக் காப்பதற்கும் இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இளைஞன் ஒருவனின் தன்மானத்தை அதற்கு விலையாக வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதிலும் சுயமரியாதை என்று பெயர் வைத்த இயக்கத்தில். ஜீவா பிரிந்தது சரி. பிரிந்து காங்கிரசுக்குள் போனதில், சாதி பற்றி ஈரோட்டில் கற்றதில் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் வர்க்கம் போயிற்று, அந்தப் பக்கம் சாதி போயிற்று. இதில் எந்த வரியையும் நான் எந்தப் படிப்பகத்திலும் கடன் வாங்கவில்லை. தப்பாக இருந்தால் என் தப்பு.

இதை ஊரில் சொன்னதும் மேற்குக் கோடியில் "மாறிட்டான்" என்றார்கள். விடுதி நண்பன், "இன்னும் முழுசா மாறல" என்றான். மார்ச் அறிக்கையின் நகலை அந்த மூத்த தோழரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இத யார் போட்டது?" என்றார். அவரேதான் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த வாரத்து இதழ்ல என்ன போட்டிருக்கு, அதையும் எடுத்துட்டு வா" என்றார்.

எடுக்கப் போனபோது வேறொன்று கண்ணில் உறுத்த ஆரம்பித்தது. 1933 தலையங்க வழக்கில் பெரியாரோடு சிறைக்குப் போன இன்னொருவர் 'குடி அரசு' வெளியீட்டாளரான கண்ணம்மாள், பெரியாரின் தங்கை. நான் கேட்ட இரண்டு கதைகளிலும், கிழக்கிலும் சரி மேற்கிலும் சரி, அந்த அம்மாள் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. நானும் இத்தனை பக்கம் புரட்டிய பிறகுதான் நின்று கவனித்திருக்கிறேன். பத்திரிகையில் அவர் பெயர் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று இப்போது திரும்பவும் முதல் தொகுதியிலிருந்து பார்த்து வருகிறேன்.