பதிவேட்டில் பெயர்: குடும்ப வழித்தேடலின் மொழியியல் சிக்கல்கள்

எளிய குடும்பங்களின் வரலாற்றைத் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்னும் மூவகைப் பதிவுகளைக் கொண்டு மீட்டமைக்கும் முறைக்கு, பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் லூயி ஆன்ரியும் மிஷேல் ஃப்ளேரியும் 1956ஆம் ஆண்டில் ஒரு கையேட்டின் வழி வடிவம் தந்தனர். நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. ஒரே பெயருடைய சீட்டுகளை ஒன்று சேர்த்தால் ஒரு குடும்பத்தாள். இம்முறையின் அடியில் ஓர் எடுகோள் உள்ளது. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பப் பெயர் மாறாது. எழுத்துக்கூட்டு மாறினாலும் பெயர் ஒன்றே என்பது அது. நார்மண்டிச் சிற்றூர்களுக்குப் பொருந்திய இவ்வெடுகோள் தமிழ்ப் பகுதிகளில் முதல் அடியிலேயே தடுமாறுகின்றது. தமிழரிடையே பெயர் தலைமுறைதோறும் மாறுவது. பதிவேட்டிலோ அது எழுதுவோனின் மொழிக்கேற்ப மறுபடியும் மாறுவது. ஆகவே இங்குக் குடும்ப வழித்தேடல் என்பது வரலாற்றாசிரியரின் பணியாவதற்கு முன்பே மொழியியலாரின் பணியாகிவிடுகின்றது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து இத்தேடலுக்குக் கிடைக்கும் துணை மிகக் குறைவு. பிரித்தானியாவில் 1841 முதல் வீட்டுவாரியாக எழுதப்பெற்ற பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் காக்கப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. 1921ஆம் ஆண்டின் தாள்கள் 2022இல் வெளியாயின. இந்தியாவில் 1871-72ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும், நாடு முழுவதும் ஒரே இரவில் எண்ணப்பெற்ற 1881 பிப்ரவரி 17ஆம் நாள் கணக்கெடுப்புக்கும் எஞ்சியிருப்பவை அச்சிட்ட தொகைகளே. பெயர் தாங்கிய தாள்கள், கூட்டல் முடிந்தபின் அழிக்கப்பட்டன. பிற்காலத் தாள்களையும் எவரும் பார்வையிடும் உரிமையில்லை என்று 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகின்றது. அத்தாள்கள் இருந்திருந்தாலும் குறை தீர்ந்திராது. பெண்களின் பெயரை அயலாரிடம் சொல்லத் தயங்கும் வீடுகளில் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் எனக் கணக்கெடுப்பாளர்களுக்கு அந்நாளில் இசைவு இருந்தது. பாரம் முழுவதும் கோயிற்பதிவேடுகளின் மேலும் கல்லறைகளின் மேலும் விழுவதற்கு இதுவே காரணம்.

தென்னிந்தியாவின் பழைய ஆங்கிலேயக் கோயிற்பதிவேடுகளுள் சென்னைக் கோட்டையின் புனித மரியாள் கோயிலினுடையவை முதன்மையானவை. கோயில் 1680 அக்டோபரில் நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேடு அடுத்த மாதம் நடந்த எலிகூ ஏலின் திருமணத்தோடு தொடங்குகின்றது. கும்பினியாரின் குருமார் இத்தகைய பதிவுகளின் படிகளை ஆண்டுதோறும் இலண்டனுக்கு அனுப்பிவந்தனர். 1698 தொடங்கும் சென்னைத் தொடரும், 1709இல் தொடங்கும் பம்பாய்த் தொடரும், 1713இல் தொடங்கும் வங்காளத் தொடரும் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. 1689 ஆகஸ்டில் இக்கோயிலில் யோபு சார்னாக்கின் மகளிர் மூவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தந்தை பெயர் உண்டு. மகளிர் பெயர் உண்டு. இந்தியப் பெண்ணாகிய தாயின் பெயர் இல்லை. சார்னாக்கின் கல்லறை கல்கத்தாவில் புனித யோவான் கோயில் வளாகத்தில் உள்ளது. அங்குள்ள இலத்தீன் கல்வெட்டில் மூத்த மகள் மரியாளும் இடம்பெறுகிறாள். தாய் அங்கும் இல்லை. அக்கல் சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையிலிருந்து சென்றது. நிலவியலார் அப்பாறை வகைக்குச் ‘சார்னோகைட்’ என்றே பெயரிட்டுவிட்டனர். ஒரு கல்லுக்குப் பெயர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வரவில்லை.

இவ்விடுபாட்டை விடச் சிக்கலானது, பெயர் இருந்தும் அடையாளம் தெரியாத நிலை. கத்தோலிக்கப் பங்குகளில் பதிவேட்டு மொழி நெடுங்காலம் இலத்தீன். எழுதியவர் பிரெஞ்சுக்காரராகவோ போர்த்துகீசியராகவோ இருக்கலாம்; பெயரைச் சொன்னவர் தமிழர்; இருவருக்கும் இடையே நின்றவர் உபதேசியார். வீட்டில் ‘இராயப்பன்’ என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் ‘பெத்ருஸ்’ ஆகிறார். அருளப்பன் ‘யோவான்னஸ்’ ஆகிறார். முடியப்பன் ‘ஸ்தேபனுஸ்’ ஆகிறார். இவை ஒலிபெயர்ப்பு அல்ல, மொழிபெயர்ப்பு. கடவுள் அருள்செய்தார் என்னும் எபிரேயப் பொருளை ‘அருள்’ தாங்குகின்றது. மகுடம் என்னும் கிரேக்கப் பொருளை ‘முடி’ தாங்குகின்றது. ‘ஆசீர்வாதம்’ பெனதிக்துஸ் என்பதன் நேர்ப்பொருள். ‘சூசை’, ‘இன்னாசி’, ‘சவேரி’ ஆகியவையோ ஒலிவழி வந்தவை. ஒரே ஏட்டில் இவ்விரு வகையும் கலந்தே கிடைக்கின்றன. சீர்திருத்தச் சபைகள் இதே திருத்தூதரைப் ‘பேதுரு’ என்றன. எனவே ஒரு குடும்பம் சபை மாறியிருந்தால் பாட்டன் இராயப்பனும் பேரன் பேதுருவும் பெயர் தொடர்பற்றவர்போல் தோன்றுவர்; உண்மையில் இருவர் பெயரும் ஒன்றே.

இலத்தீனின் வேற்றுமை உருபுகள் இன்னொரு தடை. மகனைக் குறிக்குமிடத்து ‘பெத்ருஸ்’ எழுவாயாகவோ ‘பெத்ரும்’ செயப்படுபொருளாகவோ வரும். அவனே தந்தையாகும்போது ஆறாம் வேற்றுமையில் ‘பெத்ரி’ ஆவான். வேற்றுமையறியாத படியெடுப்பாளர் இவற்றை மூன்று பெயர்களாக அட்டவணைப்படுத்தக்கூடும். ஒரு மனிதன் மூவராகிவிடுவான்.

ஆங்கில நாடுகளில் ஒலியொத்த பெயர்களை இணைக்கச் ‘சவுண்டெக்ஸ்’ என்னும் குறியீட்டு முறை பயன்படுகின்றது. 1918இல் காப்புரிமை பெற்ற இம்முறையில் முதலெழுத்து அப்படியே நிற்கும். பின்வரும் மெய்களுக்கு மட்டும் எண்கள். ‘ஞானப்பிரகாசம்’ என்பதை உரோமன் எழுத்தில் எழுதுவோர் முதலொலியாகிய ஞகரத்தை ஒருகால் ‘ஜி, என்’ என்னும் ஈரெழுத்தாலும், ஒருகால் ‘என், ஒய்’ என்பவற்றாலும் காட்டுவர். முதல் வடிவத்தின் குறியீடு ஜி-551. இரண்டாவதன் குறியீடு என்-516. ஒரே பெயர் பட்டியலின் இரு மூலைகளுக்குப் போய்விடுகின்றது. தமிழ் ஒலியமைப்பை அறிந்து வகுத்த குறியீட்டு முறையால் இதைச் சரிசெய்ய இயலும். ஆனால் இராயப்பனையும் பெத்ருஸையும் இணைக்க எந்த ஒலிக்குறியீடும் உதவாது. அதற்குப் பெயர் அகராதி வேண்டும்.

மாறாத குடும்பப் பெயர் இல்லாத இடத்தில் தமிழ் மரபு வேறொரு பிடியைத் தருகின்றது. ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். மூத்த மகனுக்குத் தன் தந்தை பெயரை இடும் வழக்கம் கிறித்தவக் குடும்பங்களிலும் தொடர்ந்தது. இராயப்பன் மகன் சூசை. சூசை மகன் இராயப்பன். அவன் மகன் மீண்டும் சூசை. ஆண்டுகளைப் பாராமல் பெயரை மட்டும் பார்ப்பவர் பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கிவிடுவர். ஆனால் ஒரு பங்கில் இத்தகைய மாறுமுறை மூன்று நான்கு தலைமுறைக்குத் தொடர்ந்து வந்தால், அதுவே அவர்கள் ஒரு குடும்பம் என்பதற்கு வலுவான சான்று. ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோரின் பெயர்கள் இதனை உறுதிசெய்யும். அவர்கள் பெரும்பாலும் மாமன் வழியினரோ அத்தை வழியினரோ ஆவர். தாய்வழி உறவு ஏட்டில் ஒளிந்திருக்கும் இடமும் அதுவே.

புதுச்சேரியின் நிலை தனியானது. 1676 முதல் 1735 வரையிலான அதன் குடிமைப் பதிவுகளின் சுருக்கத்தை ஆல்பிரெட் மர்த்தினோ 1917இல் வெளியிட்டார். ஆயினும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை திருப்புமுனை 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையாகும். தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்போர் தமக்கும் தம் வழியினருக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது. இவ்வியக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ என்னும் பெயரை ஏற்றார். சிலர் பிரெஞ்சுப் பெயரையும், சிலர் தமிழ்ப் பெயரையே நிலைப்படுத்தியும் கொண்டனர். உடன்பிறந்தார் தனித்தனியே துறப்பு எழுதி வெவ்வேறு பெயர் கொண்டால் ஏட்டில் அவர்கள் இரு குடும்பம். கோவாவில் நிகழ்ந்தது இதன் மறுபுறம்: மதம் மாறியோர் குருவின் அல்லது ஞானத்தந்தையின் போர்த்துகீசியப் பெயரைப் பெற்றதால், இரத்த உறவில்லாதார் ஒரே குடும்பப் பெயருடன் விளங்குகின்றனர். முன்னதில் குடும்பம் ஒன்று, பெயர் பல. பின்னதில் பெயர் ஒன்று, குடும்பம் பல.

இவையெல்லாம் பழம்பொருள் ஆர்வம் மட்டுமல்ல. பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு அளித்த 1956ஆம் ஆண்டு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பிறந்த இடத்தையும் வாழ்ந்த இடத்தையும் ஆறு மாதத்துக்குள் செய்த விருப்பத் தேர்வையும் பொறுத்ததாயிற்று. பேரப்பிள்ளைகளின் உரிமைக்கோரிக்கை பாட்டியின் பிறப்புப் பதிவில் வந்து நிற்பது இதனால்தான். 2024 நவம்பரில் புதுச்சேரி சார்ந்த ஒரு பட்டியல் சாதிச் சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடைபோட்ட சான்றுகளுள் திருமுழுக்குப் பதிவும் ஒன்று. இத்தகைய ஆவணங்களுக்குச் சான்றிட்ட மொழிபெயர்ப்பு எழுதுவோர், நல்லெண்ணத்தோடு, பெயரைத் ‘திருத்தி’விடுகின்றனர்: பெத்ரியைப் பீட்டர் என்றும், அடுத்த ஆவணத்தில் இராயப்பனை இராயப்பன் என்றும் எழுதுகின்றனர். மூலத்தில் இணைக்கக்கூடியதாக இருந்த இருவர் மொழிபெயர்ப்பில் பிரிந்துபோகின்றனர். பெயரை மூலத்தின் எழுத்துக்கூட்டோடும் வேற்றுமை உருபோடும் அப்படியே தந்து, இணைவடிவத்தை அடைப்புக்குறிக்குள் தனியே காட்டுவதே முறை. திருத்தம் என்பது இங்கே சான்றழிப்பு.

அடக்கப் பதிவேடும் கல்லறைக் கல்லும் ஒன்றையொன்று நிரப்பும் எனக் கருதுவோர் உளர். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் தொகுத்த சென்னைக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல் பெரிதும் ஐரோப்பியரைப் பற்றியது. கல் நட்டவர் வசதியுடையவர். அந்தக் கற்களும் நிலையாக நிற்கவில்லை. 1758-59இல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது பழைய இடுகாட்டின் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாயின. பின்னர் அக்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் புனித மரியாள் கோயிலைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டன. இன்று அவற்றின்மேல் நடப்பவர் காலடியில் இலத்தீனும் போர்த்துகீசியமும் ஆர்மீனியமும் உள்ளன; அடியில் எவர் உடலும் இல்லை. தமிழ்க் கிறித்தவர் பெரும்பாலோருக்கோ கல்லே இல்லை. மரச்சிலுவை சில மழைக்காலங்களே நிற்கும். குழி மீண்டும் பயன்படும். அவர்களைப் பொறுத்தவரை, உபதேசியார் சொல்லக் குருவானவர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதிய அந்த ஒற்றை வரியே கல்லறை.