ஹெரால்டின் போல்ட்டுகள்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் சில ஞாயிறுகளாகப் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றின் துருவை அகற்றி வருகிறோம். அதனூடே அறிய நேர்ந்த வரலாறு ஒன்றைப் பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார்களின் மேற்கூடு செய்துதந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, 1953இல் போட்டியாளரான பி.எம்.சி.யின் வசமாயிற்று. முழுக்கூட்டையும் ஒன்றாகச் செய்துதர வேறு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே தனி சேஸிஸின் மீது பகுதி பகுதியாக போல்ட்டால் பூட்டும் ஹெரால்டு 1959இல் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கேலொட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதனை இங்கே தயாரித்தது.

அன்றைய நெருக்கடி எங்களுக்கு வரமாயிற்று. பானட்டையும் கதவுகளையும் ஸ்பானராலேயே கழற்றிவிட்டோம். ஆனால் சேஸிஸின் பெட்டிபோன்ற பகுதிகளில் ஈரமும் சேறும் தங்கி, துரு உள்ளிருந்தே அரித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினோம், தகடு பொத்தலாயிற்று. பட்டி பூசி மறைத்துவிடலாமா என்று எங்களுக்குள் வாதம் எழுந்தது. மறைத்த துரு நிற்பதில்லை. வண்டியின் பாரத்தைத் தாங்குவதோ சேஸிஸ். பெட்ரோல் டேங்கை இறக்கிவைத்து, அரித்ததை வெட்டி, புதுத்தகடு வெல்டு செய்து, உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தோம்.

1980களின் இறுதியில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தி நின்றுபோனது. எஞ்சிய வண்டிகளே அதன் ஆவணங்கள். எங்கள் ஆவணத்தில் வலப்பக்கம் இன்னும் பாக்கியிருக்கிறது.